நாலாயிரம் பெட்டிக்கு இருபது மாதம்: பண்டோரா தாமதம், ஓசூர் டூல் ரூம் பார்வையில்

ஓசூர் சிப்காட்டில், பிளாஸ்டிக் வார்க்கும் இரும்பு அச்சான மோல்டைச் செய்யும் எந்த டூல் ரூம் வாசலில் நின்றாலும் ஒரு நாளில் ஒருமுறையாவது காதில் விழும் கேள்வி இது: "அண்ணா, மோல்டு எப்ப ரெடியாகும்?" பதிலும் மாறாது: "ட்ரையல் அடிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேங்க." கேட்டவர் முகம் சுருங்கும். நழுவுகிறார் என்றுதான் தோன்றும். ஆனால் பிளாஸ்டிக் ஊற்றி முதல் துண்டுகூட எடுக்காத மோல்டுக்கு இதைவிட நேர்மையான பதில் கிடையாது.

2008-ல் பண்டோரா என்ற கையடக்க கேம் கருவியைச் செய்தவர்கள் இந்தப் பதிலைச் சொல்லாமல் மாதத்தைச் சொன்னார்கள். அதன்பின் நடந்தது, பிளாஸ்டிக் வார்ப்பும், மின்சுற்றுப் பலகையில் பாகம் பதிக்கும் எஸ்.எம்.டி. லைனும் வைத்துப் பிழைக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து ஆட்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய நிகழ்வு. சொந்தமாக ஒரு மின்னணுச் சாமான் செய்து 500 உருப்படி விற்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கும், முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

கருவியும் தேதிகளும்

கொரியாவிலிருந்து வந்த ஜிபி2எக்ஸ் என்ற லினக்ஸ் கைக்கருவியைப் பயன்படுத்திப் பழகிய சிலர், அதைவிட நல்லதாக ஒன்றைத் தாங்களே செய்துவிடலாம் என்று இறங்கியதில் பிறந்தது பண்டோரா. உள்ளே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமேப் 3530 செயலி, 600 மெகாஹெர்ட்ஸ். 256 எம்பி ரேம், 512 எம்பி நாண்ட் நினைவகம். 800×480 புள்ளிகள் கொண்ட 4.3 அங்குலத் தொடுதிரை, இரண்டு எஸ்டி அட்டைத் துளைகள், கட்டைவிரலால் நகர்த்தித் திசை காட்ட இரண்டு அனலாக் நப் (குட்டி வட்டத் தொப்பி), நடுவே முழு விசைப்பலகை, 4000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி. மடித்தால் நீளம் 140 மி.மீ., அகலம் 83, தடிமன் 27.5. பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. 2008-ல் இவ்வளவும் ஒரே கையில் அடங்குவது சின்ன விஷயமில்லை.

முன்பதிவு 2008 செப்டம்பர் 30-ல் தொடங்கியது. முதல் லாட் 4000. அந்த ஆண்டு முடிவதற்குள் கைக்கு வந்துவிடும் என்பதே எதிர்பார்ப்பு. சில நாட்களிலேயே முதல் அடி: அட்டை வழியாகக் கட்டிய பணத்தை, முன்பதிவு என்று வகைப்படுத்தாமல் வாங்கியதாகச் சொல்லி, வங்கி அத்தனை பேருக்கும் திருப்பி அனுப்பிவிட்டது. வங்கிப் பரிமாற்றத்தில் கட்டியவர்கள் தப்பினார்கள். மற்றவர்கள் பிற்பாடு மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. பெட்டிகள் வாடிக்கையாளருக்குக் கிளம்பத் தொடங்கியது 2010 மே மாதம். இருபது மாதம். அதுவும் தொடக்கம்தான், 4000-மும் அந்த மாதமே போய்விடவில்லை.

ஒன்று ஓடுவதும் முந்நூறு ஓடுவதும்

தாமதத்துக்கு வெளியில் சொல்லப்படும் காரணம் எப்போதும் ஏதாவது ஒரு பாகத்தின் பெயராக இருக்கும். எங்கள் கணிப்பில், மூல காரணம் 2008-லேயே இருக்கிறது. மின்சுற்றுப் பலகை அப்போதே ஓடியது. மேம்பாட்டுப் பலகைகள் நிரலாளர்கள் கைக்குப் போயிருந்தன. லினக்ஸ் ஏறியது, பழைய கேம்கள் ஓடின. திரையில் படம் தெரிந்துவிட்டால் பார்க்கிறவனுக்கு வேலை பாதிக்கு மேல் முடிந்தது போலத் தோன்றும். வார்ப்புக்காரனுக்கு அங்கேதான் வேலை ஆரம்பம்.

மின்னணு ஆலைகளில் மூன்று கட்டம் சொல்வார்கள். ஈ.வி.டி. என்பது சுற்று வேலை செய்கிறதா என்ற சோதனை. பத்து, இருபது பலகை போதும், பெட்டி 3டி பிரின்டாக இருக்கலாம். டி.வி.டி. என்பது மோல்டில் அடித்த உண்மையான பெட்டியோடு ஐம்பதிலிருந்து இருநூறு வரை செய்து, கீழே போட்டு, சூடாக்கி, நனைத்துப் பார்ப்பது. பி.வி.டி. என்பது விற்பனை லைனிலேயே, விற்பனை வேகத்திலேயே, லைன் ஆட்களே செய்யும் முதல் லாட். பண்டோராவுக்குத் தேதி சொல்லப்பட்டபோது அது முதல் கட்டத்தைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இதை ஓசூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இருசக்கர வாகன ஆலைகளுக்குப் பாகம் கொடுக்கும் பட்டறைகள் பி.பி.ஏ.பி. என்ற உற்பத்தி ஒப்புதல் இல்லாமல் ஒரு துண்டைக்கூட லாரி ஏற்ற முடியாது. அதில் கேட்கப்படுவது நிறுத்தாமல் அடித்த முந்நூறு துண்டு. நன்றாக வந்த முந்நூறைப் பொறுக்கிக் கொடுத்தால் செல்லாது; தொடர்ச்சியாக விழுந்த முந்நூறு வேண்டும். கைக்கருவி செய்பவர்கள் பெரும்பாலும் மென்பொருள் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். அங்கே ஒன்று ஓடினால் கோடியும் ஓடும். பிளாஸ்டிக்குக்கு அந்தக் கருணை இல்லை.

பெட்டி

மடக்குப் பெட்டி பார்க்க எளிது. மேல் மூடி, திரைச் சட்டம், விசைத்தளம், அடித்தட்டு, பேட்டரி மூடி, தோள்பட்டன்கள், திசைப்பட்டன் என்று குறைந்தது ஏழெட்டு வார்ப்புத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார வேண்டும். பண்டோராவின் மோல்டும் வார்ப்பும் சீனாவில். தனித்தனியாக ஒவ்வொரு துண்டும் சரியாக இருந்துவிடும். எட்டும் சேரும்போதுதான் வம்பு.

சுருக்கத்திலிருந்து தொடங்கலாம். ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக் ஆறும்போது 0.4 முதல் 0.7 சதவீதம் வரை சுருங்கும். 140 மி.மீ. நீளத்துக்கு 0.5 சதவீதம் என்று கணக்கிட்டு மோல்டு வெட்டினால் 0.7 மி.மீ. கூட்டி வெட்டுவோம். வந்த சரக்கு 0.6 சதவீதம் சுருங்கினால் துண்டு 0.14 மி.மீ. குட்டை. ஒரு முழம் துணியில் இது ஒன்றுமில்லை. ஆனால் பட்டனுக்கும் அதன் துளைக்கும் பக்கத்துக்கு 0.2 மி.மீ.தான் இடைவெளி என்றால், துளையின் இடம் இவ்வளவு நகர்ந்ததும் பட்டன் ஒருபக்கம் உரசும். அழுத்தினால் உள்ளே போகும், வெளியே வராது. இதனால்தான் நடுவில் பிளாஸ்டிக் தரத்தை மாற்றக் கூடாது என்று டூல் மேக்கர் தலையில் அடித்துக்கொள்வார். ஏபிஎஸ்ஸுக்கு வெட்டிய மோல்டில் பாலிகார்பனேட் கலவையை ஊற்றினால் எல்லா அளவும் புதிது.

முதல் ட்ரையலை டி0 என்பார்கள். டி0 துண்டைக் கையில் வாங்கியதும் அனுபவசாலி ஸ்கேல் தேட மாட்டார். ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, வெளிச்சம் மேற்பரப்பில் வழுக்கிப் போவதைப் பார்ப்பார். வெளிச்சம் எங்கே குழைகிறதோ அங்கே பள்ளம். பின்புறம் திருப்பினால் நேர் அதே இடத்தில் திருகு ஏறும் குமிழோ, முட்டுக்கட்டைச் சுவரோ நிற்கும். அங்கே பிளாஸ்டிக் தடித்து, கடைசியாக ஆறி, மேற்பரப்பை உள்ளே இழுத்துவிட்டது. இதுதான் சிங்க் மார்க். வெளிச்சுவர் 2 மி.மீ. என்றால் உள்ளே நிற்கும் சுவர் 1.2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்ற விதி இதற்காகவே. அதை வரைபடத்தில் திருத்த ஐந்து நிமிடம். இரும்பில் திருத்த வேண்டுமானால் வெல்டு வைத்து, மறுபடி ஸ்பார்க் போட்டு (மின்பொறியால் செதுக்கி), பாலிஷ் செய்து, மோல்டை மெஷினில் ஏற்றி அடுத்த ட்ரையல் பார்க்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒன்றிரண்டு வாரம். டி1, டி2, டி3 என்று எண் ஏறிக்கொண்டே போகும்போது தேதியும் ஏறும்.

இங்கே ஒரு நுணுக்கம். மோல்டில் இரும்பைக் குறைப்பது சுலபம், கூட்டுவது கஷ்டம். அதனால் ஐயமுள்ள இடங்களில் துண்டு தேவைக்குக் கொஞ்சம் மெலிதாக வரும்படி இரும்பை விட்டுவைத்து, ட்ரையல் பார்த்துப் பார்த்துச் செதுக்குவார்கள். ஆகவே முதல் ட்ரையலில் பட்டன் லொடலொடவென்று ஆடினால் அது நல்ல டூல் மேக்கரின் அடையாளம். இது தெரியாதவர்கள் டி0 படத்தைப் பார்த்து, பெட்டி தரமில்லை என்று குதிப்பார்கள். மேற்பரப்புச் சொரசொரப்பு எல்லாத் திருத்தமும் முடிந்தபின் கடைசியில்தான் ஏற்றப்படும். அதை முன்னாலேயே ஏற்றிவிட்டுப் பிறகு வெல்டு வைத்தால் அந்த இடம் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி தனியாகத் தெரியும்.

அடுத்தது கீல். மடக்குக் கருவியின் உயிர் அங்கேதான். கீல் கம்பி நுழையும் வளையத்தைச் சுற்றி உருகிய பிளாஸ்டிக் இரண்டாகப் பிரிந்து ஓடி மறுபுறம் சேரும். சேர்ந்த கோடுதான் வெல்டு லைன்; துண்டிலேயே பலவீனமான இடம் அது. ஆயிரம் முறை திறந்து மூடினால் விரிசல் அங்கேயே விழும். மோல்டுச் சூட்டைக் கூட்டலாம், சரக்கு நுழையும் கேட்டை இடம் மாற்றலாம், வளையத்தின் அடியில் அரை மி.மீ. வளைவு கொடுக்கலாம். மூன்றும் ட்ரையல் கேட்கும். கீலுக்குள்ளேயே திரைக்குப் போகும் ஃபிளெக்ஸ் கேபிளும் சுருண்டு போகிறது. அதன் வளைவு ஆரம் கொஞ்சம் இறுகினாலும் சில மாதம் கழித்துத் திரையில் கோடு விழும். கடையிலிருந்து வெளியே போகும்போது எந்தச் சோதனையும் அதைக் காட்டாது.

சரக்கை உலர்த்துவதும் இதில் சேரும். பாலிகார்பனேட்-ஏபிஎஸ் கலவையை 100 டிகிரியில் மூன்று, நான்கு மணி நேரம் உலர்த்தி ஈரம் 0.02 சதவீதத்துக்குக் கீழே வந்தபின் ஊற்ற வேண்டும். ஈரத்தோடு ஊற்றினால் மேலே வெள்ளிக் கோடுகள் தெரியும். கோடு பரவாயில்லை, பெயின்டில் மறைந்துவிடும். மறையாதது உள்ளே நடக்கும் கேடு: ஈரம் பட்டுப் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து துண்டு பிஸ்கட் போல் ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஓசூர் மழை பிடித்துக்கொண்டால், காலை ஷிஃப்ட் வந்ததும் சரக்கு கொட்டும் ஹாப்பரைத் தொட்டுப் பார்க்காத சூப்பர்வைசர் மாலைக்குள் ரிஜெக்ஷன் தொட்டி நிறைவதைப் பார்ப்பார்.

சீனாவில் மோல்டு செய்கிறவர்கள் நாட்காட்டியையும் கூட வைத்துக்கொள்ள வேண்டும். சந்திரப் புத்தாண்டுக்கு ஆலைகள் இரண்டு, மூன்று வாரம் அடைக்கும். திரும்பி வரும் ஆட்களில் ஒரு பங்கு புதியவர்கள். 2009-ல் அது ஜனவரி 26, 2010-ல் பிப்ரவரி 14. பண்டோராவின் இருபது மாதத்துக்குள் இரண்டு புத்தாண்டும் விழுந்தன.

விசையும் நப்பும்

விசைப்பலகை என்பது சிலிகான் ரப்பர் விரிப்பு. குமிழ் அழுங்கி, அடியில் உள்ள தொடுபுள்ளி பலகையைத் தொடும். ரப்பர் கெட்டிப்பு ஐந்து புள்ளி கூடினால் தட்டச்சு கல்லில் குத்துவது போல் இருக்கும். குறைந்தால் பக்கத்து விசையும் சேர்ந்து இறங்கும். மேலே வரும் பிளாஸ்டிக் தளத்தின் உயரம் முடிவாகாமல் ரப்பரின் உயரத்தை முடிவாக்க முடியாது. பெட்டி டி2-வில் நின்றால் ரப்பரும் நிற்கும்.

நப் இன்னும் மோசம். அது சந்தையில் ரீலில் கிடைக்கும் பாகம் அல்ல. கருவிக்கென்றே செய்யப்பட்ட சின்ன இயந்திரம். 15 மி.மீ. வட்டத் தொப்பி, நடுவிலிருந்து எந்தப் பக்கமும் இரண்டரை மி.மீ. நகர்வு. விரலை எடுத்ததும் நட்ட நடுவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பும்போது ஒரு மயிரிழை விலகினாலும் திரையில் ஆள் தானாக நடக்கத் தொடங்குவான். மென்பொருளில் நடுவட்டத்தைச் செத்த வட்டமாக்கி மறைக்கலாம். வட்டம் பெரிதானால் குறி பார்ப்பது போயிற்று. இப்படிப்பட்ட தனிப்பாகத்துக்கு ஒரே ஒரு சப்ளையர், அவருக்கோ இது மிகச் சின்ன ஆர்டர். சாக்குப் பையில் கடைசியாக விழும் நெல்மணி அதுதான், பை தைக்க அதற்காகத்தான் காத்திருக்க வேண்டும்.

பலகை

பண்டோராவின் தாய்ப்பலகை முதலில் அமெரிக்காவின் டெக்சாஸில் தயாரானது. 2011-ல் அந்த வேலை ஜெர்மனிக்கு மாற்றப்பட்டது. தேறும் பலகைகளின் பங்கு அதன்பின் கூடியது. எந்த லைன் நல்லது என்ற வழக்குக்குள் போகத் தேவையில்லை. பலகையே கடினமானது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஓமேப் 3530-ன் அந்த வடிவத்தில் சிப்புக்கு அடியில் 515 சால்டர் (பற்றவைக்கும் உலோகம்) குண்டுகள், ஒன்றுக்கொன்று 0.4 மி.மீ. தூரத்தில். சிப்பின் முதுகில் நினைவகச் சிப் ஏறி உட்காரும். கழுதை மேல் கழுதை. இரண்டும் ஒரே தடவை, சால்டரை உருக்கி ஒட்டவைக்கும் ரீஃப்ளோ அடுப்புக்குள் போகும். ஈயமில்லாச் சால்டர் 217 டிகிரியில் உருகும். உச்சச் சூடு 240-ஐ ஒட்டி. அந்தச் சூட்டில் கீழ்ச் சிப் ஒரு பக்கமும் மேல்ச் சிப் இன்னொரு பக்கமும் பப்படம் போல் லேசாக வளையும். வளைந்து தூக்கிய இடத்தில் மேல் குண்டு தனியாகவும் கீழே பூசிய சால்டர் பேஸ்ட் தனியாகவும் உருகி, தோல் கட்டி, ஆறும்போது தொட்டுக்கொண்டு நிற்கும், ஒட்டாது. தலையணையில் தலை வைத்தது போல. மேஜையில் சோதித்தால் ஓடும். பெட்டிக்குள் திருகி, கையில் பிடித்து, கொஞ்சம் முறுக்கியதும் நின்றுபோகும். எக்ஸ்ரேயில்கூடப் பழகிய கண்ணுக்கு மட்டுமே தெரியும்.

தடுக்க வழி உண்டு. மேல்ச் சிப்பின் குண்டுகளை, சால்டர் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸில் தோய்த்து வைப்பது, பேஸ்ட் பூசும் ஸ்டென்சில் தகட்டின் தடிமனை 0.1 மி.மீ.க்குள் வைத்து ஒவ்வொரு பலகையிலும் பேஸ்ட் உயரத்தை அளப்பது, அடுப்பின் சூட்டு வரைபடத்தை வெற்றுப் பலகையில் எடுக்காமல் பாகம் ஏற்றிய பலகையில் எடுப்பது. பாக்கெட் பிரித்த சிப்பை எத்தனை மணி நேரம் வெளியே வைத்தார்கள் என்று குறித்து வைப்பதும் முக்கியம். ஈரம் உறிஞ்சும் தன்மையில் மூன்றாம் நிலை என்று வகுத்த பாகம் என்றால் 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்தில் 168 மணி நேரம் கணக்கு. அதைத் தாண்டினால் சூட்டில் வைத்து உலர்த்தாமல் ஏற்றக் கூடாது. ஏற்றினால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிச் சிப்பே சோளப்பொரி மாதிரி வெடிக்கும். தாமதம் இங்கே தாமதத்தைப் பெறுகிறது: பெட்டி வராததால் பலகை லைன் நின்று நின்று ஓடும். நின்று ஓடும் லைனில் பிரித்த பாக்கெட்டுகள் வெளியே கிடக்கும், பேஸ்ட் காயும், கைதேர்ந்த ஆபரேட்டர் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

தேறும் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் புரிவதற்காக வைத்தவை, பண்டோராவின் எண்கள் அல்ல. பலகையில் நூற்றுக்கு 90 தேறுகிறது, திரையில் 97, பெட்டியில் 92, நப்பில் 94, கடைசிச் சோதனையில் 95. கேட்க எல்லாமே நல்ல மார்க். பெருக்கினால் 0.717. அதாவது 4000 செட் பாகம் வாங்கினால் முதல் சுற்றில் 2870-ஐ ஒட்டித்தான் பெட்டி. மிச்ச 1130 பேருக்கும் பணம் வாங்கியாயிற்று. கழித்த பாகங்களைத் திரும்பச் செய்யவோ, மறுபடி வாங்கவோ வேண்டும். மறுபடி வாங்கும்போது சப்ளையர் குறைந்தபட்ச அளவு சொல்வார், அது 1130 ஆக இருக்காது.

அளவின் பிரச்சினை வேறு விதத்திலும் கடிக்கும். கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசனில் கூழ் ஆலை வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது ஒரு டெம்போ லோடோடு போய் நிற்கும் சின்ன விவசாயிக்கு எப்போது கேட் திறக்குமோ, 4000 பலகைக்காரனுக்கும் அப்போதுதான் லைன் திறக்கும். லட்சக்கணக்கில் ஆர்டர் வைத்தவன் அவசரம் என்றால் இவன் தள்ளி நிற்க வேண்டும். பண்டோராவுக்கு நேரமும் வாய்க்கவில்லை. லேமன் பிரதர்ஸ் விழுந்தது 2008 செப்டம்பர் 15, முன்பதிவு அதற்குப் பதினைந்து நாள் கழித்து. நிறுவனம் இங்கிலாந்தில், பவுண்டோ அந்த ஆண்டு முடிவதற்குள் டாலருக்கு எதிராகச் சரிந்து கிடந்தது. பாகமோ டாலரில்.

பின்னால் வந்தவர்கள்

பண்டோராவுக்கு வாரிசாக வந்த பைராவுக்கு முன்பதிவு 2016 மே மாதம் திறந்தது. கைக்கு வரத் தொடங்கியது 2020 கடைசியில். பணம், அனுபவம், பெரிய பெயர் எல்லாம் உள்ள வால்வ் நிறுவனமும் ஸ்டீம் டெக்கை 2021 டிசம்பரிலிருந்து 2022 பிப்ரவரிக்குத் தள்ளியது, பாகத் தட்டுப்பாடு. இரண்டு மாதம் தள்ளி, சொன்ன மாதத்தில் அனுப்பினார்கள். பெரிய ஆர்டர் வைத்திருப்பவனின் வசதி அது.

கற்றுக்கொள்ள அதிகம் இருப்பது பிளேடேட்டில். அமெரிக்காவின் பானிக் நிறுவனம் செய்த, பக்கத்தில் கைப்பிடி சுழற்றும் மஞ்சள் பெட்டி, ஆலை மலேசியாவில். 2021 ஜூலை 29-ல் முன்பதிவு திறந்து இருபது நிமிடத்துக்குள் முதல் 20,000 தீர்ந்தது. நவம்பரில், முதல் 5000 பெட்டி கிடங்குக்கு வந்தபின் எடுத்துச் சோதித்தால் சிலவற்றில் பேட்டரி முழுக்க வடிந்து, சார்ஜே ஏறவில்லை. ஒன்றையும் வாடிக்கையாளருக்கு அனுப்பாமல் எல்லாப் பேட்டரியையும் மாற்ற முடிவெடுத்தார்கள். கூடவே, அடுத்த லாட்டுக்கான செயலி கிடைக்க 730 நாள் ஆகும் என்று பதில் வந்ததால் பலகையையே வேறு செயலிக்கு மாற்றி வரைந்தார்கள். பெட்டிகள் கிளம்பியது 2022 ஏப்ரல் 18. 5000-ஐத் திருப்பி அனுப்ப ஒத்துக்கொண்ட அந்த ஒரு முடிவுக்காகவே அவர்களுக்கு ஒரு சலாம் வைக்கலாம்.

பேட்டரி வடிவது ஏன் ஆலையில் தெரியாமல் கிடங்கில் தெரிகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. தனியாக விமானத்தில் அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரி 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்பது 2016-லிருந்து விதி. 4000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் 30 சதவீதம் என்றால் 1200. அணைத்து வைத்த கருவி 0.2 மில்லி ஆம்பியர் கசிந்தால் 6000 மணி நேரம், அதாவது 250 நாள் தாங்கும். அதுவே 1 மில்லி ஆம்பியர் கசிந்தால் 50 நாள். கப்பல், சுங்கம், கிடங்கு, கூரியர் சேர்ந்தால் 50 நாள் எந்த மூலைக்கு? அடிமட்டத்துக்குக் கீழே போன செல்லுக்குள் செம்பு கரைந்து படியும். பிறகு அதை உயிர்ப்பிப்பது ஆபத்து. கசிவை மைக்ரோ ஆம்பியரில் அளக்காமல் லாட்டை மூட்டை கட்டக் கூடாது.

ஓசூரில் 500 செய்வதென்றால்

வரிசை இதுதான். பலகை ஓடியதும் தேதி அறிவிக்க வேண்டாம். பணமும் வாங்க வேண்டாம். பெட்டி மோல்டுக்கு டி1 முடிந்து, எல்லாத் துண்டும் ஒன்றில் ஒன்று உட்கார்ந்தபின் முன்பதிவு திறக்கலாம். அதுவரை ஆர்வம் காட்டுகிறவர்களின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டால் போதும்.

மோல்டுச் செலவுதான் 500-க்கு எதிரி. மோல்டு செட் 16 லட்சம் என்று வைத்தால் 500 பெட்டியில் தலைக்கு 3200 ரூபாய். 4000 பெட்டியில் 400. அதனால் 500 மட்டும் போதும் என்றால் பி20 எஃகு வேண்டாம், அலுமினிய மோல்டு தாங்கும். கீல் வேண்டாம், மடக்காத தட்டை வடிவம் போதும். நப்பைப் புதிதாக வடிவமைக்கவே வேண்டாம். பழைய கன்சோல்களுக்கு உதிரியாக வரும் ஜாய்ஸ்டிக்கை வைத்துப் பெட்டியை அதற்கேற்ப வரையுங்கள். புதுப்பாகம் ஒரு கருவிக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்பது எங்கள் பிடிவாதம். பண்டோராவில் பெட்டி, விசைப்பலகை ரப்பர் விரிப்பு, நப், பலகை நான்கும் புதிது.

காகித வேலையை மோல்டோடு சேர்த்தே தொடங்க வேண்டும். வீடியோ கேம் கருவிகள் 2012-ல் வந்த கட்டாயப் பதிவு ஆணையிலேயே உண்டு, பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு இல்லாமல் விற்க முடியாது, அந்தப் பதிவும் தயாரிக்கும் இடத்துக்குத்தான் கிடைக்கும். இடம் மாறினால் மறுபடி. பேட்டரிக்குத் தனியாக ஐ.எஸ். 16046 பதிவு வேண்டும், ஏற்றி அனுப்ப யு.என். 38.3 சோதனை அறிக்கையும் வேண்டும். வைஃபை, ப்ளூடூத் இருந்தால் மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவான டபிள்யூ.பி.சி.யின் இ.டி.ஏ. ஒப்புதலும் வேண்டும். ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய ரேடியோ மாட்யூலையே வாங்கிப் பொருத்தினால் இந்தத் தலைவலி பாதி குறையும். சொந்த ஆன்டெனா வரையும் ஆசையை அடுத்த கருவிக்கு ஒத்திப்போடலாம்.

காத்திருக்கும் வாடிக்கையாளர் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. மோல்டு எத்தனையாவது ட்ரையலில் இருக்கிறது? தொடர்ச்சியாக ஓட்டிய லாட்டில் எத்தனைக்கு எத்தனை தேறியது? எந்தப் பாகத்துக்கு ஒரே சப்ளையர்? மூன்றுக்கும் எண்ணோடு பதில் வந்தால் காத்திருக்கலாம். "மாஸ் ப்ரொடக்ஷன் தொடங்கிவிட்டது" என்ற ஒற்றை வரி மட்டும் வந்தால் அதை முதல் பலகை ரீஃப்ளோ அடுப்புக்குள் போன செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்கிறவர்களுக்குக் கடைசி வேலை ஒன்று உண்டு, செலவு அதிகமில்லை. முதல் ஐம்பது பெட்டியை விற்பனை அட்டைப்பெட்டியில் கட்டி, ஓசூரிலிருந்து பார்சல் லாரியில் சேலத்துக்கு அனுப்பித் திரும்ப வரவழையுங்கள். போக வர தொப்பூர் கணவாய், ஏற்றிறக்கும் கூலியாட்களின் வீச்சு, தார்ப்பாய்க்கடியில் வெயில் எல்லாம் சேர்ந்து எந்த ஆய்வகமும் தராத அதிர்வைத் தரும். வந்ததும் பத்துப் பெட்டியைப் பிரித்துப் பேட்டரி மின்னழுத்தத்தைக் குறியுங்கள், திருகுகள் தளர்ந்திருக்கிறதா என்று முறுக்கு ஸ்க்ரூடிரைவரால் பாருங்கள், கருவியை இரண்டு கையிலும் பிடித்து லேசாக முறுக்கியபடியே ஆன் செய்யுங்கள். பத்தில் ஒன்று முறுக்கும்போது அணைந்தால் மிச்ச 450-க்கு எஸ்.எம்.டி. லைனை நிறுத்திவிட்டு, அணைந்த பலகையை எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள்.